கயிறு கட்டி இழுத்த வரி

சேசு மரி சூசை துணை

இன்சீன், ரங்கூன்
14 பிப்ரவரி 1995

என் அன்புச் சாந்தாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்றா சொன்னேன்? ஒரு பக்கம்கூட நிறையவில்லை. பாதி என் இருமலைப் பற்றி, மீதி தாத்தா புத்தகத்தைப் பற்றி. கட்டின பெண்டாட்டி ஆறு வருஷமாகச் சீமையில் இருக்கிறாள்; என்ன சாப்பிடுகிறாள், குளிருக்கு என்ன போர்த்துகிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. இருமல் போய்விட்டது. இனி அந்த இடத்தில் உன்னைப் பற்றி எழுது.

நூலகத்தில் நீ யாருக்கு டைப் அடிக்கிறாயோ, அந்தப் பிரெஸ்காட் அம்மாள் கேட்டபடி படம் எடுத்தாயிற்று. நம் ஸ்டூடியோ பர்கத்துல்லாதான் எடுத்தான். டிரங்குப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். உடனே குழாயடிக்குப் போய்விட்டான். "எங்கய்யா போற, வெளிச்சம் போகுது" என்றேன். "அண்ணே, இது தாவூது நபிக்கு இறங்குன சபூர் இல்லையா, ஒளு இல்லாமத் தொடலாமா?" என்று கைகால் கழுவிக்கொண்டு வந்தான். நம் சங்கீதப் புத்தகத்துக்கு நம் சாமியார்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அந்த அம்மாளிடம் சொல்வதற்காக எழுதுகிறேன். எங்கள் தாத்தா ஒரு பிரெஞ்சுச் சாமியாருக்குச் சமையல்காரர். சாமியார் சாகக் கிடந்தபோது இந்தப் புத்தகத்தைத் தாத்தா மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தாத்தாவுக்கு அப்பா, அப்பாவுக்கு நான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பக்கமெல்லாம் தோல். லத்தீன் எழுத்தெல்லாம் கறுப்பாக, நெட்டுக்குத்தாக, வேலிக்குக் குச்சி நட்டது போல. எது ஐ, எது என், எது எம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வசனமும் தொடங்கும் எழுத்து ஒன்று சிவப்பு, அடுத்தது நீலம், மறுபடி சிவப்பு. சங்கீதம் தொடங்குகிற இடத்தில் தங்கம். வரி பாதியில் முடிந்தால் மீதி இடத்தைச் சும்மா விடவில்லை. மீனும் பாம்பும் போட்டு நிரப்பியிருக்கிறான். முதல் பக்கத்துப் பெரிய 'பி'க்குள் தாவீது ராஜா உட்கார்ந்து யாழ் வாசிக்கிறார். இன்னொரு பெரிய எழுத்துக்குள் ஒரு பைத்தியக்காரன் தடியைப் பிடித்துக்கொண்டு ரொட்டி கடிக்கிறான்.

பர்கத்துல்லாதான் ஒன்று கண்டுபிடித்தான். நாற்பத்திரண்டாம் தாளில் எழுதியவன் ஒரு வசனத்தை விட்டுவிட்டிருக்கிறான். பிறகு ஞாபகம் வந்து பக்கத்தின் அடியில் எழுதிவிட்டான். படம் போட்டவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த வரியைக் கயிற்றால் கட்டி, மேலே ஓரத்தில் ஒரு ஆளை நிற்கவைத்து, சேர வேண்டிய இடத்துக்கு இழுக்க வைத்திருக்கிறான். போட்டாதாங் கப்பல்துறையில் மூட்டை இழுக்கிற ஆள் மாதிரியே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இவ்வளவு காலம் வீட்டில் வைத்திருந்தும் நான் பார்த்ததில்லை. படம் எட்டாவது. அந்த அம்மாளிடம் காட்டு, சிரிக்கட்டும்.

பாஸ்போர்ட் கேட்டு நான் போட்ட மனு மூன்றாம் தடவையும் திரும்பி வந்துவிட்டது. உன் அப்பா குடியுரிமைக் காகிதங்களைக் கட்டிக் காப்பாற்றினார், நீ பாஸ்போர்ட்டோடு போனாய். என் அப்பா எதையும் வைக்கவில்லை. இங்கேயே பிறந்த நான் அந்நியர் அட்டையோடு நிற்கிறேன். நீ திரும்பி வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. எண்பத்தெட்டுப் போராட்டத்தில் அரசாங்கத்துக்கு எதிராக நீ கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும்.

அமீர் அலி பாய் கடையில் நாற்காலி மேஜைக்குப் பாலிஷ் போடும் வேலை ஓடுகிறது. கப்பல்காரர் அப்துல் பாரி நாளை சிங்கப்பூர் போகிறார். அங்கிருந்து இதைப் போஸ்ட் பண்ணுவார்.

உன் நினைவாகவே இருக்கும்
செல்லையா


யார்க்
9 ஏப்ரல் 1995

அன்புள்ள அத்தானுக்கு,

சாந்தாவின் முத்தங்கள். சிரிக்காதீர்கள், இந்த ஊரில் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

படங்கள் கிடைத்தன. உங்கள் ஆசைப்படி முதலில் என்னைப் பற்றி. காலையில் ரொட்டி, இரவில் சோறு. இரண்டு கம்பளி போர்த்துகிறேன். போதாது. என்னைப் பற்றி இது போதுமா? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாவது படத்தைப் பார்த்ததும் மிஸ் பிரெஸ்காட் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். மதியம் சாப்பிடவும் வரவில்லை. கயிறு இழுக்கும் ஆள் மாதிரி வேறு எங்கோ ஒன்றிரண்டு புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறாராம். நாட்காட்டிப் பக்கங்களில் எந்தப் புனிதர் பெயர் தங்கத்தில் இருக்கிறது, புனிதர்களைக் கூப்பிடும் பிரார்த்தனையில் யார் முன்னால், யார் பின்னால் என்று எண்ணி எண்ணி, இது இங்கிலாந்தின் வடக்கில் எழுதப்பட்ட புத்தகம் என்கிறார். அறுநூற்றெழுபது வருஷம் இருக்குமாம். நான் இருக்கும் இந்தப் பக்கத்தில்தான் அத்தான், அது பிறந்திருக்கிறது.

கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை இரண்டு வருஷத்துக்கு இங்கே கடனாக வைத்துப் படிக்க, கண்காட்சியில் வைக்க, அவர் ஆசைப்படுகிறார். தபாலில் அனுப்பக் கூடாது. சொந்தக்காரர் கையோடு கொண்டுவர வேண்டும், இரண்டு வருஷமும் கூட இருக்கலாம். நூலகம் பொறுப்பேற்று அழைப்புக் கடிதம் தரும். அப்படி ஒரு கடிதம் இருந்தால் அந்நியர் அட்டைக்காரருக்கும் போய்வரத் தாள் கொடுக்கிறார்கள் என்று நீங்கள்தானே முன்பு எழுதினீர்கள்! அத்தான், இதுதான் அந்தக் கடிதம்.

செப்டம்பரில் நூலகக் குழு கூடுகிறது. அதற்கு முன்னால் இன்னொரு முறை வண்ணப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், புத்தகம் கெடாமல் இருக்கிறது என்று காட்ட. நடுவில் மழைக்காலம் வருகிறதே என்பதுதான் என் பயம். தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். பூச்சி, பூசணம் எதுவும் அண்டக் கூடாது. அங்கே பழைய ஏடுகளை எப்படிக் காப்பாற்றுவார்களோ அப்படிக் காப்பாற்றுங்கள். பக்குவம் உங்களுக்குத் தெரியாதா?

போன மாதம் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயது, இன்னும் காலம் தாண்டவில்லை என்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதுவிட்டேன். இதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள்
சாந்தகுமாரி


சேசு மரி சூசை துணை

இன்சீன்
20 ஜூலை 1995

என் கண்ணே சாந்தா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே, மடிப்பு கிழிந்துவிட்டது. பெண் டாக்டர் சொன்னதைப் படித்தபோது கடையில் இருந்தேன். அமீர் அலி பாய், "என்னய்யா, யாராச்சும் மவுத்தா?" என்று கேட்டார். இல்லை பாய், பிழைத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கடையில் ஏறி இறங்கி ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். இந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்த ஒரே பைத்தியம் இன்சீனில் நான்தான்.

மழை இந்த வருஷம் மோசம். கூரையில் ஒழுகி டிரங்குப் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. ஒரு நாள் திறந்து பார்க்கிறேன், அட்டை ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம். முதல் இரண்டு தாளில் பூச்சி ஓட்டை வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. பயப்படாதே, எல்லாம் சரியாகிவிட்டது, கேள்.

நீ சொன்னாயே, இங்கே பழைய ஏடுகளை எப்படிக் காப்பாற்றுவார்களோ அப்படி என்று. நேரே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புத்த பிக்குகள் இருக்கும் புங்கி மடத்துக்குப் போனேன். அங்கே ஊ பா சான் என்று ஒரு பெரியவர் ஓலை ஏடுகளைப் பார்த்துக்கொள்கிறார். இருநூறு வருஷத்து ஏடு ஒன்றை எடுத்துக் காட்டினார், நேற்று எழுதியது போல இருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். யேனான் என்றார். நம் பலகைச் சுவருக்கு மழைக்கு முன்னால் பூசுவோமே, பூமியிலிருந்து இறைக்கிற அதே கறுப்பு எண்ணெய்தான். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நீ பக்கத்து வீட்டுக்கு ஓடுவாய். மடத்தில் தெளிந்ததாக எடுத்து ஏட்டுக்கு ஏடு தடவுகிறார்கள். பூச்சி கிட்ட வராது, தண்ணீர் ஒட்டாது. பெரியவர் காசு வாங்காமல் ஒரு போத்தல் கொடுத்தார்.

பர்கத்துல்லா தயங்கினான். "அண்ணே, ஒரு பக்கம் பூசிப் பாத்துட்டு மத்ததப் பூசலாமே. இது ஓலை இல்லையே, தோலாச்சே." அட போய்யா, தோலுக்கு எண்ணெய் ஆகாதா, செருப்புக்குப் போடுவதில்லையா என்று விரட்டினேன். இருபது வருஷம் பாலிஷ் போட்ட கை இது. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, மெல்லிய துணியால், ஒரு தாள் விடாமல் இரண்டு பக்கமும் தடவினேன். கயிற்றுக்காரனுக்கு மட்டும் இரண்டு பூச்சு கூடுதல்.

இப்போது பார்த்தால் நீயே அசந்துபோவாய். காய்ந்து வறண்டு கிடந்த தோல் தேன் நிறத்தில் பளபளக்கிறது. தாளைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது, அவ்வளவு சுத்தம். நீலம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, காய்ந்தால் தெளிந்துவிடும். தங்கம் இரண்டொரு இடத்தில் துணியோடு வந்தது, ரொம்ப நாள் அழுக்கு போலிருக்கிறது. வாடை மட்டும் இருக்கிறது, அதை உங்கள் ஊர்க் குளிர்காற்றில் வைத்தால் போய்விடும்.

புதுப் படங்கள் பன்னிரண்டு இத்துடன். குழுவில் எல்லோரும் பார்க்கட்டும். சாந்தா, நான் ஆகாய விமானத்தில் ஏறியதே இல்லை. மிங்கலாடோனில் ஏறி உட்கார்ந்தபின் வாந்தி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

உன்
செல்லையா


யார்க்
22 ஜூலை 1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இருந்தாலும் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குழுத்தலைவர் படங்களைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். அழைப்புக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். உங்கள் பெயரை அடிக்கும்போது மூன்று முறை தப்பாகி மூன்று தாள் வீண். அது இப்போது மிஸ் பிரெஸ்காட்டின் இழுப்பறையில் இருக்கிறது. புதுப் படங்கள் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

தேநீர் நேரத்தில் உட்காரவைத்து எனக்கு எல்லாம் சொல்கிறார். எழுதிய கை ஒன்று, படம் போட்ட கை வேறாம். முதலில் ஓரங்களில் ஊசியால் குத்தி, ஈயக் குச்சியால் கோடு போட்டுக்கொள்வார்களாம். எழுதுகிறவர் கறுப்பை எழுதி முடித்து, வண்ணத்துக்கு இடம் விட்டுவிட்டுப் போவார். நீங்கள் வேலிக் குச்சி என்றீர்களே, ஒவ்வொரு குச்சியின் அடியையும் பேனாவைத் திருப்பி வைரம் போல வெட்டி நிறுத்தியிருக்கிறாரே, அந்த வெட்டை வைத்துத்தான் மிஸ் பிரெஸ்காட் காலம் சொல்கிறார். தங்கத்துக்குக் கீழே சுண்ணாம்பு மேடு கட்டி, தகட்டை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றுவார்களாம். நாய்ப்பல்! உங்கள் தொழில்தான் அத்தான், இங்கே வந்ததும் உங்களுக்கு ஒரு பல் வாங்கித் தருகிறேன்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வண்ணம் தோலுக்குள் இறங்குவதில்லை, மேலே தூளாக உட்கார்ந்திருக்கிறது. விரல்கூடப் படக் கூடாது, விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே அதற்கு விஷம். ஈரத்துணி, எண்ணெய், தைலம் எதையும் கிட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். காற்றாட நிழலில் வைத்தாலே போதும். போன கடிதத்தில் நான் இதை எழுதவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. படம் எடுக்கத் தவிர நீங்கள் எப்படியும் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

பெரிய அறைக்கு மாறிவிட்டேன். இரண்டு ஜன்னல். ஒரு ஜன்னலோரம் உங்கள் நாற்காலி. பழைய சாமான் கடையில் எடுத்தது, பாலிஷ் போயிருக்கிறது; வேண்டுமென்றே அதை எடுத்தேன். வந்ததும் சும்மா உட்காரவிட மாட்டேன்.

காத்திருக்கும்
சாந்தா


யார்க்
30 செப்டம்பர் 1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ஜூலைக் கடிதமும் படங்களும் கிடைத்தன. நலம்தானே? கம்பளிச் சட்டையைப் பத்திரமாக வையுங்கள், பூச்சி அரிக்கும்.

ஒரு ஏமாற்றம். குழு கூடியது. இந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து புத்தகம் எதையும் கடனாக வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். பணம் இல்லை என்கிறார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக எடுத்த முடிவு, நம் புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. நீங்கள் எவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று மிஸ் பிரெஸ்காட் சொன்னார். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

நீங்கள் செய்தது சரிதான் அத்தான். மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கலாம். அல்லது அதற்கடுத்த வருஷம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை அதிகம், அதனால்தான் சிறிய கடிதம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள்
சாந்தகுமாரி


சேசு மரி சூசை துணை

இன்சீன்
12 டிசம்பர் 1995

சாந்தாவுக்கு,

அப்துல் பாரியின் கப்பல் ரிப்பேராகிச் சிங்கப்பூரிலேயே கிடந்தது. அதனால் நீ அவர் விலாசத்துக்கு அனுப்பிய ஜூலைக் கடிதத்தையும் செப்டம்பர்க் கடிதத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து கொடுத்தார். தேதி பார்த்து முதலில் ஜூலையைப் பிரித்தேன். விரல்கூடப் படக் கூடாது என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை ஒரு வாரம் கழித்துத்தான் படிக்க முடிந்தது. நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை.

பிறகுதான் செப்டம்பரைப் பிரித்தேன். உனக்குப் பொய் சொல்ல வராது சாந்தா. இத்தனை வருஷத்தில் 'நீங்கள் செய்தது சரிதான்' என்று எனக்கு ஒரு நாளாவது எழுதியிருக்கிறாயா? அந்த வரியிலேயே பிடிபட்டுவிட்டது. ஏன்டி திட்டவில்லை? மடையா, முட்டாளே, ஆறு வருஷத்தை ஒரு போத்தல் எண்ணெயில் முழுக்கிவிட்டாயே என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். நோயாளிக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறாய்.

அழைப்புக் கடிதத்தை அந்த அம்மாள் என்ன செய்தார்? கிழித்தாரா, உன் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னாரா?

புத்தகத்தைக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். சுண்ணாம்புத் தூள் போட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்துப் பார்த்தேன். முகப்பவுடர் போட்டுப் பார்த்தேன். வெயிலில் வைத்தேன், தோல் சுருண்டுகொண்டது. நீலம் தெளியவில்லை. தங்கம் மேட்டோடு உதிர்ந்து பெட்டி அடியில் கிடக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் நான்கு பக்கத்து எழுத்து ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது. பர்கத்துல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்து அழுதான். புங்கி மடத்துப் பெரியவருக்கு எதுவும் தெரியாது, பார்க்கும்போதெல்லாம் ஏடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். நன்றாக இருக்கிறது என்கிறேன். நானும் பொய் பழகிக்கொண்டேன்.

இங்கே ஏட்டைக் காப்பது போல என்று நீ எழுதினதை நினைத்து ராத்திரியெல்லாம் உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? விடு. நீ எழுதியது ஒரு வரி. பூசியது நான்.

இனி நான் சொல்வதைக் கேள். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று நீ எழுத, ஆகட்டும் என்று நான் எழுத, உனக்கு ஐம்பது வயதாகிவிடும். எனக்கு வர வழியில்லை. உனக்குத் திரும்ப வழியில்லை. இன்னொரு புத்தகம் நம்மிடம் இல்லை. பெண் டாக்டர் சொன்ன காலம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை எனக்காகக் காத்துக் கழித்துவிடாதே. நம் வேதத்தில் விவாகரத்து இல்லை, ஆனால் விதவை கட்டிக்கொள்ளலாம். உன் பங்குச்சாமியாரிடம் போய், ரங்கூனில் புருஷன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிடு. காகிதம் கேட்டால், இங்கே யாருக்கும் காகிதம் கிடைப்பதில்லை என்று சொல், அது பொய்யில்லை. பாவம் என்று பயப்படாதே, அந்தப் பாவத்தை நான் ஏற்றுக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சாமியார் திட்டினார், திட்டட்டும். நல்லவனாகப் பார்த்துக் கட்டிக்கொள். குளிருக்கு மூன்றாவது கம்பளி வாங்கிக் கொடுக்கிறவனாக இருந்தால் போதும்.

இதை எழுதும்போது உன்மேல் கோபமாக வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும் சாந்தா. நேரில் இருந்தபோது சொன்னதில்லை.

இதுதான் என் கடைசிக் கடிதம். அப்துல் பாரியிடமும் சொல்லிவிட்டேன், இனி உன்னிடமிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று. அவர் சரி என்றார், ஆனால் இளகின மனசுக்காரர், நீ அனுப்பினால் கொண்டுவந்துவிடுவார். அதனால் உன்னிடமே கேட்கிறேன், பதில் எழுதாதே. வந்தால் பிரிக்காமல் இருப்பேன் என்று நினைக்காதே. பிரித்துவிடுவேன், படித்துவிடுவேன், மறுபடி மனு எழுதப் போய்விடுவேன். எழுதாதே.

செல்லையா